இடையாள் இல்லாத இணைப்பு: கிணற்றடிக்கும் பள்ளிக்கூடத்திற்கும்

(வட்டார வளர்ச்சி அலுவலர், விளாத்திகுளம்)

கரிசல் காட்டில் கிணறும் வீடும் அருகருகே அமைவது அரிது. விளாத்திகுளம் வட்டாரத்தில் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் பெரும்பாலும் வானத்தை நம்பியே விளைகின்றன. எனினும் வைப்பாற்றை ஒட்டியும் கண்மாய்களின் கீழும் இறவைக் கிணறு வைத்துப் பயிர் செய்வோர் பலர் உளர். அவர்களுள் அநேகர் தம் பம்பு செட்டை அடைய ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்தே ஆக வேண்டும். நின்ற மின்சாரம் நள்ளிரவில் திரும்பி வந்தால், கையில் விளக்குடன் வரப்பின் மேல் செல்ல வேண்டியதாகிறது. பாம்பும் தேளும் உலவும் வழியில், ஈரக்கையுடன் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் விவசாயி ஒவ்வோர் இரவும் தம் உயிரைப் பணயம் வைக்கிறார் என்று சொன்னால் அது மிகையாகாது.

இதே வட்டாரத்தின் பள்ளிக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஆசிரியர் ஒரு நல்ல பாடப் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புகிறார். நாற்பது பிள்ளைகளும் தத்தம் கருவிகளில் ஒரே வேளையில் அதைத் திறக்கின்றனர். படம் அசையாமல் நின்று விடுகிறது. பாட வேளை முடிந்து மணியும் அடித்து விடுகிறது.

கிணற்றடிக்குச் செல்ல வேண்டியது ஒரு சொல். பள்ளிக்கூடத்திற்கு வர வேண்டியது ஒரு பாடம். இரண்டிலும் குறை ஒன்றே. அருகிலுள்ள இரண்டு கருவிகள் தமக்குள் பேசிக் கொள்ள வேண்டியதை, எங்கோ தொலைவிலுள்ள ஒரு நிலையத்தின் வழியாகப் பேசுகின்றன. இக்குறையை நீக்கும் வழிகளுள் ஒன்றே 'பியர் டு பியர்' எனப்படும் சமநிலை வலையமைப்பு. அது யாது, எங்ஙனம் இயங்குகிறது, நம் ஊராட்சிகள் அதனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பனவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இடையாள் யார்?

இன்று நாம் செல்பேசியில் காணும் பெரும்பாலான வசதிகள் 'சர்வர்' எனப்படும் பெருங்கணினியைச் சார்ந்தவை. ஒருவர் அனுப்பும் செய்தி முதலில் அங்கே செல்கிறது. பின்னர் அங்கிருந்து உரியவரை அடைகிறது. கிணற்றிலிருக்கும் கருவிக்கு வீட்டிலிருந்து ஒருவர் 'மோட்டாரை நிறுத்து' என்று ஆணையிட்டால், அவ்வாணை வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ உள்ள ஒரு கணினியைத் தொட்டு விட்டுத்தான் கிணற்றடிக்குத் திரும்புகிறது. விளைந்த மிளகாயை அயலூர் மண்டிக்கு ஏற்றி அனுப்பி, அதே மிளகாயை அங்கிருந்து அடுத்த வீட்டுக்காரர் வாங்கி வருவதை இது ஒக்கும்.

இம்முறையில் நன்மை இல்லாமல் இல்லை. கணக்கு ஓரிடத்தில் இருக்கும். பழுது நேர்ந்தால் பார்ப்பதற்கு ஆள் இருப்பர். ஆயினும் அந்த நிலையம் நின்றால் அனைத்தும் நிற்கும். அமெரிக்காவில் 'ரிவால்வ்' என்னும் பெயரில், வீட்டிலுள்ள விளக்கு முதலிய சாதனங்களைத் தொலைவிலிருந்து இயக்கும் பெட்டி ஒன்று ஏறக்குறைய 300 டாலருக்கு விற்கப்பட்டது. அதனை விலைக்கு வாங்கிக் கொண்ட நிறுவனம் 2016-ஆம் ஆண்டு அதன் சர்வரை மூடி விட்டது. பெட்டியில் எவ்விதப் பழுதும் இல்லை. ஆயினும் வாங்கியவர்களுக்கு அது பயனற்ற பொருளாயிற்று. கடன் வாங்கிக் கருவி பொருத்தும் நம் விவசாயி இந்நிகழ்ச்சியை நினைவில் வைத்தல் நலம்.

உறைமோர் முறை

சமநிலை வலையமைப்பை விளக்க நம் அடுக்களையிலேயே நல்ல உவமை இருக்கிறது. பாலை உறைய வைக்க மோர் இல்லாவிடில், அடுத்த வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்குகிறோம். மறுநாள் நம் வீட்டுத் தயிரிலிருந்து வேறொரு வீட்டிற்கு உறைமோர் செல்கிறது. நேற்றுப் பெற்றவர் இன்று தருபவராகிறார். தெரு முழுவதற்கும் தயிர் உறைந்து விடுகிறது; முதலில் கொடுத்தவருக்கோ ஒரு கரண்டிக்கு மேல் செலவில்லை.

பிராம் கோகன் என்னும் அமெரிக்கர் 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட 'பிட்டோரண்ட்' முறை இவ்வாறே இயங்குகிறது. பெரிய கோப்பு ஒன்று சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு துண்டைப் பெற்ற கணினி, மற்றத் துண்டுகளைப் பெறுவதற்குள்ளாகவே, தன்னிடமுள்ளதைப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கி விடுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கணித முத்திரை உண்டு. வந்த துண்டின் முத்திரை பொருந்தாவிடில் கணினி அதைத் தள்ளி விட்டு வேறிடத்தில் கேட்டுப் பெறும். ஆகவே கொடுப்பவர் இன்னார் என்று அறியாவிடினும், கொடுத்த பொருள் மாறாதது என்பதைச் சோதித்து அறியலாம்.

'டோரண்ட்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் இளைஞருள் சிலர் திருட்டுத் திரைப்படத்தை நினைப்பர். முறை வேறு, அதைக் கையாளும் நோக்கம் வேறு. பிறர் உரிமையுள்ள படத்தையோ நூலையோ இசைவின்றிப் பரப்புதல் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி குற்றம். அரசே இலவசமாக வெளியிடும் பாடத்தைப் பிள்ளைகள் தம்முள் பகிர்ந்து கொள்ள அதே முறையைக் கையாளுதல் நற்பணியாகும்.

வளவுக்குள் இருக்கும் வீடு

இரண்டு கருவிகள் நேரே பேசுவது எளிது போலத் தோன்றினும் அதில் ஓர் இடர் உண்டு. இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி தேவை. பழைய முகவரி முறையில் மொத்தம் ஏறக்குறைய 430 கோடி முகவரிகளே உள. உலகப் பொதுத் தொகுப்பில் எஞ்சியிருந்த முகவரிகள் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பங்கிட்டு முடிக்கப்பட்டன. ஆதலின் செல்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளருக்குச் சேர்த்து வழங்குகின்றன.

நம் பக்கத்து வளவு வீடுகளை இதற்கு ஒப்பிடலாம். தெருவுக்கு ஒரே வாசல். உள்ளே பத்துக் குடும்பம். வெளியிலிருந்து வருபவருக்கு யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது தெரியாது. வாசற்காவலரும் தெரியாதவரை உள்ளே விட மாட்டார். ஆனால் உள்ளேயிருப்பவரே வெளியே ஒருவருக்குச் செய்தி அனுப்பி, மறுமொழியை எதிர்பார்த்திருந்தால், அம்மறுமொழியைக் காவலர் தடுக்க மாட்டார்.

இந்த நுணுக்கத்தையே வலையமைப்புப் பொறியாளர் பயன்படுத்துகின்றனர். வீட்டுக் கருவி, கிணற்றுக் கருவி ஆகிய இரண்டும் முதலில் ஓர் அறிமுக நிலையத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. அந்நிலையம் ஒன்றின் வெளிமுகவரியை மற்றொன்றுக்குத் தெரிவிக்கிறது. இரண்டும் ஒரே வேளையில் ஒன்றையொன்று அழைக்கின்றன. இரு காவலரும், தம் வீட்டார் எதிர்பார்த்த மறுமொழி வந்ததெனக் கருதி வழி விடுகின்றனர். அதன் பின்னர்ப் பேச்சு நேரே நடைபெறும். கலியாணத் தரகர் இரு வீட்டாரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி விட்டு விலகிக் கொள்வதை இது ஒக்கும். சில வலையமைப்புகளில் இவ்வழி திறவாது. அப்பொழுது இடைநிலையம் ஒன்றின் வழியாகவே செய்தியை அனுப்ப நேரும். புதிய முகவரி முறையாகிய 'ஐ.பி. பதிப்பு 6' பரவுவதால் முகவரிப் பஞ்சம் குறைந்து வருகிறது. எனினும் காவலர் வேண்டியவரே.

நேரே பேசுவது மட்டும் போதாது. பேசுபவர் உரியவர்தாம் என்பதும் உறுதியாக வேண்டும். இதற்கென ஒவ்வொரு கருவியும் இரண்டு திறவுகோல்களை வைத்துக் கொள்கிறது. ஒன்றை ஊரறியக் கொடுக்கலாம். மற்றொன்றை ஒருவருக்கும் கொடுத்தல் கூடாது. 1976-ஆம் ஆண்டு டிஃபி, ஹெல்மன் என்னும் அறிஞர் இருவர் உலகிற்கு அறிவித்த இக்கருத்தே இன்றைய வங்கிப் பரிமாற்றங்களுக்கும் அடிப்படையாக விளங்குகிறது. 'வயர்கார்டு' என்னும் இலவச மென்பொருள் இம்முறையால் இரு கருவிகளுக்கிடையே மறைமுகப் பாதை ஒன்றை அமைக்கிறது. 2020-ஆம் ஆண்டு அது லினக்ஸ் இயக்கத்தின் மையப் பகுதியிலேயே சேர்க்கப்பட்டது.

கிணற்றடியில்

தொலைவிலிருந்து பம்பு செட்டை இயக்கும் எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதன்று. புனே நகரப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால், செல்பேசி கொண்டு மோட்டாரை இயக்கும் 'நானோ கணேஷ்' என்னும் கருவியை உருவாக்கிப் புகழ் பெற்றார். தமிழ்நாட்டில் வேளாண்மைப் பொறியியல் துறையினர், செல்பேசியால் இயங்கும் தானியங்கிப் பம்பு செட் கருவிகளுக்கு மானியம் வழங்கி வந்துள்ளனர். மானியத் தொகையும் தகுதியும் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால், விரும்புவோர் அத்துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரில் அறிந்து கொள்வது நன்று.

இக்கருவிகளுள் பெரும்பாலானவை சிம் அட்டையால் இயங்குபவை. வீட்டிலிருந்து அழைப்பு விடுத்தாலோ குறுஞ்செய்தி அனுப்பினாலோ மோட்டார் ஓடும். கோபுரம் இயங்கும் வரை இது போதும். கோபுரத்தின் வீச்சு எட்டாத காட்டிலும், சிம் அட்டைக்குப் பணம் செலுத்தத் தவறிய நாளிலும் கருவி ஊமையாகி விடும்.

இவ்விடத்தில்தான் கோபுரமே வேண்டாத நேரடி முறை உதவுகிறது. 'லோரா' என்னும் வானொலி முறையில், மிகக் குறைந்த மின்சாரத்தில், திறந்த வெளியில் சில கிலோமீட்டர் தூரம் வரை சிறு செய்திகளை அனுப்பலாம். நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையை, வரையறுத்த ஆற்றலுக்குள், தனி உரிமமின்றிப் பயன்படுத்த 2005-ஆம் ஆண்டு முதல் விதி இடந்தருகிறது. மேடு பள்ளமற்றுப் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் இவ்வகை அலைகளுக்கு ஏற்றது. அடர்ந்த சீமைக் கருவேலங்காடு இடையே நின்றால் வீச்சுக் குறையும்; ஆகவே அலைவாங்கியை மரங்களுக்கு மேலே உயர்த்திக் கட்டுதல் வேண்டும். இம்முறையில் படமோ பேச்சோ செல்லாது. 'ஓட்டு', 'நிறுத்து', 'ஓடுகிறது', 'தண்ணீர் இல்லை' என்னும் அளவிலான சொற்களே செல்லும். கிணற்றுக்கு வேண்டியவையும் அவ்வளவே.

தனியார் கிணற்றுக்குச் சொன்னது ஊராட்சியின் குடிநீர்த் தொட்டிக்கும் பொருந்தும். கடலோரத்தில் வேம்பார், வைப்பார் பக்கத்திலும் உள்நாட்டுக் கரிசலிலும் பல இடங்களில் நிலத்தடி நீர் உவர்ப்பாக இருப்பதால், நல்ல தண்ணீரின் ஒவ்வொரு குடமும் நமக்கு அருமையானது. மேல்நிலைத் தொட்டி நிறைந்ததை மோட்டார் தானே அறிந்து நின்று கொண்டால், வழிந்தோடும் நீர் மிஞ்சும்; மின்சாரமும் மிஞ்சும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தேவையின்றி 4 மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 15 யூனிட் மின்சாரம் வீணாகும். தொட்டி இயக்குபவரின் வேலைக்கு இக்கருவி மாற்றன்று. குளோரின் கலப்பதும், குழாய்க் கசிவைக் கண்டு அடைப்பதும், முறை வைத்துத் தெருக்களுக்குத் தண்ணீர் விடுவதும் மனிதர் செய்ய வேண்டியவை. கருவி அவருடைய இரவு நடையைத்தான் குறைக்கிறது.

தவறாமல் காக்க வேண்டிய ஐந்து விதிகள்

தொலைவிலிருந்து இயக்கப்படும் மோட்டார், கிணற்றடியில் நிற்பவருக்குத் தெரியாமல் ஓடத் தொடங்கும் மோட்டாராகும். கிணற்றுக்குள் இறங்கிக் குழாயைச் சரிசெய்து கொண்டிருப்பவர் இருக்க, வீட்டிலிருந்து பிள்ளையொன்று விளையாட்டாகத் திரையைத் தொட்டால் நேரக்கூடியதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. ஆகவே பின்வருவனவற்றை எவரும் கைவிடலாகாது.

1. மோட்டாரிலோ கிணற்றிலோ வேலை செய்யுமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பீஸ் கேரியரைக் கழற்றி வேலை செய்பவரே தம் கையில் வைத்துக் கொள்ள வேண்டும். செல்பேசியில் நிறுத்தியது நிறுத்தியதாகாது.

2. கருவி எவ்வளவு நவீனமாயினும், கையால் நிறுத்தும் பொத்தான் கிணற்றடியிலேயே இருத்தல் வேண்டும்.

3. 'ஓட்டு' என்று ஆணை அனுப்பியதும், 'ஓடுகிறது' என்ற மறுமொழி மோட்டாரின் உண்மையான மின்னோட்டத்தை அளந்து வர வேண்டும். ஆணை சென்று சேர்ந்தது என்பது மட்டும் சான்றாகாது.

4. இணைப்பு அறுந்தால் கருவி என்ன செய்யும் என்பதை வாங்குமுன் கேட்டறிய வேண்டும். குறித்த நேரத்திற்குப் பின் தானே நிற்கும் அமைப்பே சிறந்தது. தண்ணீர் இன்றி ஓடுவதையும், மும்முனையில் ஒரு முனை அறுந்த நிலையில் ஓடுவதையும் தடுக்கும் காப்பு, இணைப்பை நம்பாமல் ஸ்டார்ட்டரிலேயே அமைந்திருத்தல் அவசியம்.

5. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு 'மிராய்' என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கண்காணிப்புக் காமிராக்களையும் அவை போன்ற கருவிகளையும் பேரளவில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவில் பெயர் பெற்ற வலைத்தலங்கள் பல அதனால் முடங்கின. கிணற்றுப் பெட்டியும் அவற்றைப் போன்ற ஒரு கணினியே.

பள்ளிக்கூடத்தில்

இனிக் கல்வியைக் கவனிப்போம். மத்திய அரசின் 'தீக்ஷா' தளம் 2017-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்றது. தமிழ்நாட்டில் 2018-ஆம் ஆண்டு முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சி 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆதலின் தமிழில் பாடப் படங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைக் கிராமத்திற்குள் கொண்டு வரும் குழாய்தான் சிறிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாடப் படம் ஒன்று 500 மெகாபைட். பள்ளியின் இணைப்பு வினாடிக்கு 4 மெகாபிட். 40 பிள்ளைகளும் தனித்தனியே இறக்கினால் மொத்தம் 20,000 மெகாபைட் வந்தாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகும். ஒரே ஒரு கருவி இறக்கி, பள்ளிக்குள்ளேயே வைஃபை வழியாக மற்றவற்றுக்கு உறைமோர் போலக் கைமாற்றினால், வெளியிலிருந்து வருவது 500 மெகாபைட் மட்டுமே. அதற்கு 17 நிமிடம் போதும். அதையும் முதல் நாள் மாலையில் இறக்கி வைத்தால், பாட வேளையில் வெளி இணைப்பே தேவைப்படாது.

இவ்வெண்ணத்தை நடைமுறைப்படுத்திய இலவச மென்பொருள்கள் உள. 'லேர்னிங் ஈக்குவாலிட்டி' என்னும் தொண்டு நிறுவனம் 2012-ஆம் ஆண்டு 'கே.ஏ. லைட்' என்பதனையும், பின்னர்க் 'கோலிப்ரி' என்பதனையும் வெளியிட்டது. இணைய இணைப்பு இல்லாத பள்ளியிலும் ஒரு கணினியில் பாடங்களைச் சேமித்து, சுற்றியுள்ள கருவிகளுக்கு வழங்கக் கோலிப்ரி உதவுகிறது. ஒரு பள்ளியிலுள்ள கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பாடங்களையும், பிள்ளைகள் செய்த பயிற்சிக் கணக்கையும் நேரே மாற்றிக் கொள்ளலாம். பெரிய பாடத் தொகுப்பைப் பென் டிரைவில் எடுத்துப் பேருந்தில் கொண்டு சென்றாலும் அது பயன் தரும்.

ஆயினும் கல்வி என்பது கோப்பை நகர்த்தும் வேலையன்று. 1956-ஆம் ஆண்டு அன்றைய பம்பாய் மாநிலத்தின் 150 கிராமங்களில், யுனெஸ்கோவின் துணையுடன் அகில இந்திய வானொலி ஒரு சோதனை நடத்தியது. ஊரார் சிலர் ஒன்று கூடி நிகழ்ச்சியைக் கேட்பர், பின்னர்க் கலந்துரையாடுவர், தம் ஐயங்களை நிலையத்திற்கு எழுதுவர். கூடிக் கேட்டுக் கலந்து பேசிய ஊர்களில், தனித்துக் கேட்ட ஊர்களைக் காட்டிலும் அறிவு பெருகியது கண்டறியப்பட்டது. வானொலிக்குப் பொருந்திய அவ்வுண்மை கைக்கருவிக்கும் பொருந்தும். படத்தை நிறுத்தி, 'ஏன்?' என்று கேட்கும் ஆசிரியர் இல்லாவிடில், அது வகுப்பறையில் காட்டிய சினிமாவாகி விடும். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தன்னார்வலரையே நடுவில் வைத்தது இக்காரணத்தினாலே எனலாம்.

அண்மையிலிருந்து சில முன்மாதிரிகள்

எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ஆம் ஆண்டு புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுநிலையமாக விளங்க, சுற்றுக் கிராமங்கள் வானொலி அலையால் அதனுடன் இணைக்கப்பட்டன. மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்தில், கடலில் அலை உயரம் எவ்வளவு என்ற முன்னறிவிப்பைப் பெற்று ஒலிபெருக்கியில் ஊரறியச் சொன்னார்கள். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வந்த காலையில், அப்பகுதியின் நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூரார் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்கை தந்தார். மையத்தின் ஒலிபெருக்கி அதனை ஊர் முழுவதற்கும் சொல்லிற்று. மக்கள் உயிர் தப்பினர். செய்தி கடல் கடந்து வந்தது. உயிரைக் காத்ததோ ஊருக்குள்ளேயே இருந்த கடைசி நூறு கஜ இணைப்பு.

தேனி மாவட்டத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையினர், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அமெரிக்காவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து, சிற்றூர்க் கண் மையங்களை நெடுந்தூர வைஃபை வழியாக மருத்துவமனையுடன் நேரே இணைத்தனர். உயர்ந்த கம்பங்களில் ஒன்றையொன்று நோக்கியவாறு அலைவாங்கிகள் அமைக்கப்பட்டன. சிற்றூரில் அமர்ந்த நோயாளியை நகரத்து மருத்துவர் திரையில் கண்டு பேசினார். பொது இணையம் மெதுவாக இருந்தாலும் இவ்வுரையாடல் தடைப்படவில்லை.

வெள்ளம் கற்பித்தது

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நம் தூத்துக்குடி மாவட்டம் கண்ட மழையை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணிக் கரை ஊர்கள் தீவுகளாயின. மின்சாரமும் செல்பேசித் தொடர்பும் அறுந்த ஊர்களில், அடுத்த தெருவின் நிலையை அறிவதே அரிதாயிற்று.

சமநிலை வலையமைப்பு இருந்தால் இவ்விடர் முழுவதும் நீங்கி விடும் என்று நாம் கூற மாட்டோம். மின்சாரமில்லாத கருவி எந்த முறையிலும் பேசாது. கம்பம் சாய்ந்தால் அலையும் நிற்கும். ஆனால் ஊராட்சி அலுவலகம், பள்ளி, ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி ஆகியவை சூரிய மின்தட்டும் பேட்டரியும் கொண்ட சிறு வானொலிக் கருவிகளால் தமக்குள் இணைந்திருந்தால், வெளியுலகம் துண்டிக்கப்பட்ட பின்னும் ஊருக்குள் 'இங்கே நாற்பது பேர் இருக்கிறோம்; பால் வேண்டும்' என்ற ஒரு வரியேனும் செல்லும். அந்த ஒரு வரிக்காகவே இம்முயற்சி தகும் என்று கருதுகிறோம்.

எதிர்ப்பக்கமும் உண்டு

வீட்டிலிருந்தே மோட்டாரை ஓட்ட முடிவதால், வேண்டிய அளவுக்கு மேல் நீர் இறைக்கும் ஆசை பெருகக்கூடும். நடக்கும் சிரமமே சிலருக்குச் சிக்கனத்தைக் கற்பித்து வந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆகவே கருவியுடன் நேர வரம்பும், கூடுமாயின் சொட்டு நீர்ப் பாசனமும் சேர்ந்தே வர வேண்டும். கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒரு முறை குறித்து வருதல் நலம்.

பள்ளியில் கருவி பெருகுந்தோறும் கண்காணிப்பும் பெருக வேண்டும். பிள்ளைகளின் படங்களையும் பெயர்களையும் பகிர்வில் வைத்தலாகாது. வாட்ஸ்அப்பில் வரும் அறிமுகமற்ற செயலிக் கோப்புகளை, அவை மானியம் தருவதாகச் சொன்னாலும், நிறுவுதல் கூடாது. பண மோசடி நேர்ந்தால் காலந்தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

நேரடி முறையில் பழுது பார்க்கத் தொலைவில் எவரும் இல்லை என்பது மற்றொரு குறை. ஊரில் ஒருவரேனும் அதனைக் கற்றிருக்க வேண்டும். ஐ.டி.ஐ. படித்த இளைஞரும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் இதனைக் கற்றுக் கொண்டால் அது ஒரு தொழிலாகவும் அமையும்.

ஊராட்சிகள் தொடங்கத்தக்க முறை

பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனம் மேற்கொண்டது. அவ்விழை ஊராட்சி வாசல் வரை வருவது. வாசலிலிருந்து தெருவுக்குக் கொண்டு செல்வது ஊராரின் பொறுப்பு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் செய்ய முனைவதை விட, படிப்படியாகச் செல்வதே விவேகம்.

முதற்படியாக, ஒரு பள்ளியில் ஒரு கணினியைப் பாடச் சேமிப்பாக அமைத்து, ஒரு பருவம் முழுவதும் நடத்திப் பார்க்கலாம். இரண்டாவதாக, ஒரு குடிநீர்த் தொட்டியில் நீர்மட்டத்தை மட்டும் தெரிவிக்கும் கருவியைப் பொருத்தலாம். மோட்டாரை இயக்கும் அதிகாரத்தை உடனே அதற்குக் கொடுக்க வேண்டுவதில்லை. அது காட்டும் அளவையும் இயக்குபவர் நேரில் காணும் அளவையும் ஒரு மாதம் ஒப்பிட்டு எழுதி, இரண்டும் பொருந்திய பின்னரே இயக்கும் பொறுப்பை ஒப்படைக்கலாம். மூன்றாவதாக, விருப்பமுள்ள விவசாயிகள் சிலர் ஒன்று சேர்ந்து ஒரே வகைக் கருவியை வாங்கினால், உதிரிப் பாகமும் பழுது பார்ப்பும் எளிதாகும். விற்பவரிடம், 'உங்கள் சர்வர் நின்றாலும் இது ஓடுமா?' என்ற ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்க வேண்டும். விடையை எழுத்தில் பெற வேண்டும்.

கூட்டத்தில் கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இரவில் கிணற்றுக்குச் செல்வோர் எத்தனை பேர்? அவர்களுள் எவருடைய வழி மிகவும் ஆபத்தானது?

2. செல்பேசிக் கோபுரம் மூன்று நாள் நின்றால், ஊருக்குள் செய்தி சொல்ல இப்பொழுது நம்மிடம் உள்ள வழிகள் யாவை?

3. நம் பள்ளியில் ஒரு பாடப் படத்தை இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது? கடிகாரத்தை வைத்து அளந்து எழுதுக.

4. கருவி பழுதானால் அதைப் பார்க்கக் கற்றுக் கொள்ள நம் ஊரில் முன்வருவோர் யார்?

நான்காம் வினாவுக்கு விடை கிடைக்காத ஊரில் கருவி வாங்குவதை அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைத்தல் நலம். விடை கிடைத்த ஊரில் முதல் வினாவுக்குரியவருடைய கிணற்றிலிருந்தே பணியைத் தொடங்கலாம்.